சால்டரிங் அயர்ன், பிட், ஈயம், ஃப்ளக்ஸ்: போலியைக் கோளாற்றின் குறியிலிருந்து கண்டறியும் வழிமுறை

சேலத்தில் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேட்டுக்குப் போகும் சாலையில் இருக்கும் எங்கள் சிறு பட்டறைக்கு இரண்டு வகையான மின்பலகைகள் பழுதுபார்க்க வருகின்றன. கொண்டலாம்பட்டிப் பக்கத்து விசைத்தறிக் கூடங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகள் ஒரு வகை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர், சூரிய மின்வேலிப் பலகைகள் மற்றொரு வகை. பழுதுபார்த்துக் கொடுத்த பலகை ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தால், வாடிக்கையாளர் நம் கைவேலையைக் குறை சொல்வார்; நாமோ, "இப்போது வருவதெல்லாம் டூப்ளிகேட் சாமான்" என்று பழியைக் கடைக்காரர் மீது போட்டுவிடுவோம். இரண்டில் எது உண்மை என்பதை அளந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். பெட்டியையும் ஸ்டிக்கரையும் பார்த்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் போலி செய்பவர் மிகுந்த சிரத்தையோடு செய்யும் பாகமே பெட்டியும் ஸ்டிக்கரும்தான். ஆகவே இந்த வழிமுறை, பொருளின் தோற்றத்திலிருந்து தொடங்காமல், மேசையில் உங்களுக்கு நேரும் தொல்லையிலிருந்து தொடங்குகிறது. இங்கே அயர்ன் என்பது ஈயத்தை உருக்கிப் பாகங்களைப் பலகையில் இணைக்கும் சூட்டுக்கோல்; பிட் என்பது அதன் சூடேறும் நுனிப்பாகம்; ஈயம் என்பது பெரும்பாலும் தகரமும் காரீயமும் கலந்த இணைப்புக் கம்பி; ஃப்ளக்ஸ் என்பது ஈயம் ஒட்ட உதவும் பசை. தேவைப்படும் கருவிகள் ஒரு மல்டிமீட்டர், ஓர் அரம், பத்து மில்லிகிராம் வரை காட்டும் ஒரு சிறு தராசு ஆகியவையே.

தொடங்குமுன் ஒன்றைச் செய்துவிட வேண்டும். அயர்ன் செருகியிருக்கும் பிளக்கிலேயே மின்னழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மின்மாற்றியிலிருந்து நெடுந்தொலைவில், கம்பியின் கடைசி முனையில் இருக்கும் வீடுகளில் மாலை நேரத்தில் 180 வோல்ட்தான் கிடைக்கிறது என்றால், 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட 25 வாட் அயர்ன் அங்கே ஏறத்தாழ 15 வாட்தான் தரும். மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் திறன் குறையும் என்பது கணக்கு. அந்த அயர்னைப் போலி என்று தூக்கியெறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏற்காட்டில் மார்கழி மாதக் காற்றில் திறந்த திண்ணையில் உட்கார்ந்து சால்டரிங் செய்பவருக்கும் இதே ஏமாற்றம் நேரும். சிறிய பிட்டின் சூட்டைக் காற்றே பாதி கொண்டுபோய்விடும்.

பிட் சூடாக இருக்கிறது. ஆனால் ஈயம் ஒட்டாமல் உருண்டு விழுகிறது

இந்தக் குறி தோன்றினால் முதலில் நம்மையே சந்தேகிக்க வேண்டும். ஸ்டேஷன்களில், அதாவது சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டியோடு கூடிய அயர்ன்களில், வரும் நல்ல பிட் முழுவதும் செம்பால் ஆனது. அதன் மேல் இரும்புப் பூச்சு இருக்கும். ஈயம் ஏற வேண்டிய நுனியைத் தவிர மற்ற இடத்தில் ஈயத்தை ஏற்காத குரோமியப் பூச்சு இருக்கும். அந்த இரும்புப் பூச்சை உப்புத்தாளால் தேய்த்தாலோ, 400 டிகிரிக்கு மேல் வைத்து மணிக்கணக்கில் சும்மா விட்டாலோ, அசல் பிட்டும் கறுத்து ஈயத்தை உதறித் தள்ளும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் தெருவில் வந்த காலத்துப் பழக்கமாக நவச்சாரத்தில் பிட்டைத் தேய்ப்பவர்கள் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். வெறும் செம்புப் பிட்டுக்கு அது பொருந்தும். மின்பலகையில் பயன்படும் பிட்டுக்கு அது ஆகாது, ஏனென்றால் ஒட்டிவரும் நவச்சாரம் பலகையின் செம்பை அரித்துவிடும்.

பிட்டை 300 டிகிரிக்கு இறக்கி, பித்தளைச் சுருளில் குத்தி எடுத்து, நடுவே ரெசின் (பிசின் வகை ஃப்ளக்ஸ்) உள்ள ஈயக் கம்பியைத் தாராளமாகச் சுற்றி உருக்கி, மீண்டும் துடைத்துப் பாருங்கள். நான்கைந்து முறைக்குள் நுனி வெள்ளியாகப் பளபளத்தால் குறை பராமரிப்பில்தான் இருந்தது. புதுப் பிட் முதல் நாளே இப்படி நடந்துகொண்டாலோ, ஒரு வாரத்தில் நுனியில் குழி விழுந்தாலோ, அப்போது பிட்டைச் சந்தேகிக்கலாம்.

காந்தத்தை வைத்துப் பார்க்கும் சோதனையைப் பலர் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. அசல் பிட்டிலும் இரும்புப் பூச்சு இருப்பதால் காந்தம் அதையும் இழுக்கும். ஒரே கட்டாக வாங்கிய பிட்டுகளில் ஒன்றைத் தியாகம் செய்து அரத்தால் ராவிப் பார்ப்பதே உறுதியான சோதனை. மேல்தோலுக்குக் கீழே செம்பின் சிவப்புத் தெரிய வேண்டும். அடிவரைக்கும் சாம்பல் நிறமாகவே இருந்தால் அது இரும்புத் துண்டு. செம்பைவிட இரும்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே வெப்பத்தைக் கடத்தும். பின்பக்கம் பழுக்கும் அளவுக்குச் சூடேறியும் நுனி குளிர்ந்தே கிடப்பது அதனால்தான்.

மலிவான 25 வாட் அயர்னில் வரும் வெறும் செம்புப் பிட் குழிந்து தேய்வது போலியின் குறி அன்று. உருகிய ஈயத்தில் உள்ள தகரம் செம்பைக் கரைக்கும். அது அதன் இயல்பு. அந்தப் பிட்டை மட்டும் அரத்தால் ராவிச் சீராக்கிக்கொள்ளலாம்.

900எம் வகைப் பிட்டுகளில் இன்னொன்றையும் பாருங்கள். இவை சூடேற்றியின் மேல் உறைபோலச் செருகப்படுபவை. போலிகளில் துளை அகலமாக இருக்கும். சூடேற்றிக்கும் பிட்டுக்கும் நடுவே காற்று நின்றுவிடும். அணைத்து ஆறவைத்த பிறகு பிட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பிட் அந்த அயர்னுக்கு உரியது அன்று.

அயர்ன் பெட்டியில் 60 வாட் என்றிருக்கிறது; வேலையோ 25 வாட்டுக்குரியதாக இருக்கிறது

நேரடியாக 230 வோல்ட்டில் ஓடும் அயர்னுக்கு இது மிக எளிதான சோதனை. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, அயர்ன் நன்றாக ஆறிய பிறகு, பிளக்கின் இரண்டு சிறிய முனைகளுக்கு இடையே மின்தடையை அளக்க வேண்டும். உள்ளே நிக்ரோம் கம்பி சுற்றப்பட்ட அயர்ன் என்றால், 25 வாட்டுக்கு ஏறத்தாழ 2,100 ஓம், 35 வாட்டுக்கு 1,500 ஓம், 60 வாட்டுக்கு 880 ஓம் கிடைக்க வேண்டும். 60 என்று அச்சிட்ட அயர்ன் 1,500 காட்டினால் அதற்கு விளக்கமே தேவையில்லை. நிக்ரோமின் மின்தடை சூட்டில் சிறிதளவே கூடும் என்பதால் குளிர்ந்த நிலையில் எடுக்கும் அளவே போதுமானது. பீங்கான் சூடேற்றி உள்ள அயர்ன்களில் குளிர்ந்த நிலையில் மின்தடை மிகவும் குறைவாக இருக்கும். அவற்றுக்கு இந்தக் கணக்கைப் பொருத்தக் கூடாது.

மாற்றுச் சூடேற்றி வாங்கும்போது அதைச் சுற்றியிருக்கும் காக்காய்ப்பொன் தகட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழுத் தகடாக இல்லாமல் துண்டு துண்டாக ஒட்டியிருந்தால், முதல் மாதத்திலேயே கம்பி உறையைத் தொட்டுவிடும்.

ஸ்டேஷனின் திரை 350 என்கிறது. ஈயமோ உருக மறுக்கிறது, அல்லது புகைந்து கருகுகிறது

ஜப்பானின் ஹாக்கோ நிறுவனத்தின் 936 என்ற ஸ்டேஷன் உற்பத்தி நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அதன் வடிவத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவை இன்றும் எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. தன் சொந்தப் பெயரில் விற்கப்படும் நகலை நான் போலி என்று சொல்லமாட்டேன். விலைக்கேற்ற பொருள் அது, தெரிந்தே வாங்குகிறோம். அசலின் பெயரையே பொறித்துக்கொண்டு வருவதுதான் போலி. தொல்லை பெரும்பாலும் ஸ்டேஷனை வாங்கியபோது வருவதில்லை. சூடேற்றி எரிந்துபோய் மாற்றுச் சூடேற்றி வாங்கிப் போட்ட நாளில்தான் தொடங்குகிறது.

ஸ்டேஷனை அணைத்து, கைப்பிடியின் ஐந்து முனைப் பிளக்கைக் கழற்றி, அறையின் சூட்டுக்கு ஆறவிட்டு அளந்து பாருங்கள். 936 வகைக்குரிய ஏ1321 பீங்கான் சூடேற்றியில் சூடேற்றும் சுற்று 2.5 முதல் 3.5 ஓம் வரையும், வெப்பத்தை உணரும் சுற்று 43 முதல் 58 ஓம் வரையும் இருக்க வேண்டும். இதே வடிவத்தில், இதே பெயரில், உள்ளே நிக்ரோம் சுருளும் தெர்மோகப்பிளும் (இரு உலோகக் கம்பிகளின் இணைப்பால் சூட்டை உணரும் உணரி) வைத்த சூடேற்றிகள் விற்கப்படுகின்றன. அவற்றில் உணரும் சுற்று ஒரு சில ஓம் மட்டுமே காட்டும். மின்தடை ஏறுவதைப் பார்த்துச் சூட்டை அறியும் ஸ்டேஷனில் இதைப் பொருத்தினால், பிட் எப்போதும் குளிர்ந்தே இருக்கிறது என்று ஸ்டேஷன் எண்ணிக்கொண்டு முழு மின்சாரத்தையும் விடாமல் செலுத்தும், பிட் செந்தணலாகிவிடும். ஹாக்கோவின் எஃப்எக்ஸ்-888டி வகையில் உணரி அறுந்திருந்தால் திரையில் 'எஸ்-இ' என்று வரும். அது வந்தவுடன் ஸ்டேஷனைத் திறக்க வேண்டாம், கைப்பிடியை அளந்தால் போதும்.

டி12 வகைப் பிட்டில் சூடேற்றியும் உணரியும் பிட்டுக்குள்ளேயே தொடராக இருக்கின்றன. ஏறத்தாழ 8 ஓம் காட்டும். ஆனால் நகல்களும் அதே 8 ஓம்தான் காட்டுகின்றன. ஆகவே இங்கே மின்தடையை வைத்து அசல், போலி என்று பிரிக்க முடியாது. சூட்டைத்தான் அளக்க வேண்டும்.

சூட்டை அளக்க, நெற்றிக்கு நேராகப் பிடிக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டாம். பளபளக்கும் உலோகத்தின் மீது அந்த வகைக் கருவி எப்போதும் குறைத்தே காட்டும். மல்டிமீட்டரோடு வரும் தெர்மோகப்பிள் கம்பி இருந்தால், முதலில் அதைக் கொதிக்கும் நீரில் இட்டுச் சரிபாருங்கள். சேலத்தில் நீர் ஏறத்தாழ 99 டிகிரியில் கொதிக்கும். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இது தெரியாமல் மலைமேல் சோதித்து, நல்ல கம்பியைக் கெட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கம்பியும் இல்லாதவர்களுக்கு ஈயமே வெப்பமானி. தகரம் 63க்குக் காரீயம் 37 என்ற கலவை 183 டிகிரியில் உருகும். காரீயம் இல்லாத, 99.3 விழுக்காடு தகரமும் 0.7 விழுக்காடு செம்பும் கலந்த கம்பி 227 டிகிரியில் உருகும். பிட்டைச் சுத்தம் செய்து மெல்லிய ஈயப் பூச்சோடு வைத்து, ஸ்டேஷனை 200ல் நிறுத்தி ஐந்து நிமிடம் விடுங்கள். முதல் கம்பி உருக வேண்டும், இரண்டாவது உருகக் கூடாது. 200 என்று காட்டும்போதே இரண்டாவதும் உருகினால் ஸ்டேஷன் அதிகச் சூட்டில் ஓடுகிறது. திரை 240 காட்டியும் முதல் கம்பியே உருகாவிட்டால் பிட்டுக்கும் சூடேற்றிக்கும் இடையே எங்கோ குறை இருக்கிறது. இந்தச் சோதனை முழுவதும் ஈயக் கம்பி உண்மையானது என்ற நம்பிக்கையில் நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம். அதற்கான சோதனை அடுத்து வருகிறது.

மின்மாற்றி உறுமிக்கொண்டு கொதித்தால், அதன் கம்பி முனையில் பூச்சைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெண்மையாகத் தெரிந்தால் அது அலுமினியச் சுற்று. சேர்வராயன் மலையின் பாக்சைட் மேட்டூர் ஆலைக்குப் போய் அலுமினியமாக மாறிய மாவட்டம் இது. அந்த உலோகத்தின் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. செம்புக்கு அளந்த பருமனிலேயே அலுமினியத்தைச் சுற்றிவிட்டு 60 வாட் என்று எழுதுவதுதான் தவறு.

ஈயம் உருகுகிறது, ஆனால் இணைப்பு மங்கலாக, மணல்மணலாக இருக்கிறது

என் அனுபவத்தில் மிகுதியாக ஏமாற்றப்படுவது இந்த இடத்தில்தான்; மிகக் குறைவாகச் சோதிக்கப்படுவதும் இதுவே. தகரத்தின் விலை காரீயத்தின் விலையைப் போலப் பல மடங்கு. 60க்கு 40 என்று எழுதிவிட்டு, 40க்கு 60 ஆகக் கலந்தால், ஒவ்வொரு சுருளிலும் விற்பவருக்கு ஆதாயம். கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்லவும் முடியாது.

மங்கலான இணைப்பெல்லாம் போலி ஈயத்தால் வருவதன்று. ஈயம் உறைவதற்குள் கை ஆடினாலும் மங்கும். காரீயம் இல்லாத கம்பி எப்போதும் சற்று மங்கலாகவே உறையும். ஆகவே முதலில் ஒரு சுத்தமான செம்புக் கம்பியில், பாகம் எதையும் பொருத்தாமல், ஒரு துளியை உருக்கி, கை ஆடாமல் ஆறவிட்டுப் பாருங்கள்.

அப்போதும் ஐயம் தீராவிட்டால், உறையும் விதத்தைக் கவனியுங்கள். தகரம் 60, காரீயம் 40 உள்ள நல்ல கம்பி 183 டிகிரிக்கும் 190 டிகிரிக்கும் இடையே, ஏறத்தாழ ஒரே கணத்தில், நீராகி ஒரே கணத்தில் உறையும். காரீயம் மிகுந்த 40க்கு 60 கலவையோ 183ல் இளகத் தொடங்கினாலும் 238 வரை முழுதாக நீராகாது; இடைப்பட்ட நேரமெல்லாம் கேழ்வரகுக் களி கிண்டும் பதத்தில் குழைந்து கிடக்கும். அந்தப் பதத்தில் கம்பி ஒரு மயிரிழை அசைந்தாலும் உள்ளே விரிசல் விழும். விசைத்தறிப் பலகைபோல நாள் முழுதும் அதிர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் அந்த விரிசல் வளர்ந்து, ஒரு நாள் தறி நின்றுவிடும்.

கண்ணை நம்பாமல் எடையை நம்பும் சோதனையை நான் செவ்வாய்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவிடம் கற்றுக்கொண்டேன். கொலுசுக்கு வரும் வெள்ளியில் கலப்பு எவ்வளவு என்று முதல் கட்டமாகப் பார்க்க, அவர்கள் நீரில் தொங்கவிட்டு நிறுப்பது உண்டு. நான் ஒரு நாள் ஈயச் சுருளை அவர் முன் வைத்துக் குறைபட்டுக்கொண்டபோது, "உருக்கிக் குண்டாக்கிக் கொண்டா மாப்ளே, சொல்றேன்" என்றார். பொடி வைத்து ஊதிப் பழகிய கை அது. கம்பியாக இருக்கும்போது நிறுக்கக் கூடாது என்பதை நான் சொல்லாமலே அறிந்திருந்தார்.

ஏன் உருக்க வேண்டும் என்றால், கம்பியின் நடுவே ஓடும் ரெசின் மிகவும் இலேசானது. நூற்றுக்கு இரண்டு பங்கு ரெசின் இருந்தாலே கம்பியின் அடர்த்தி 8.5லிருந்து 7.5க்கு இறங்கிவிடும், அளவு முழுவதும் பொய்யாகிவிடும். கதவையும் சன்னலையும் திறந்துவைத்து, இனி சமையலுக்கு எடுக்கப்போவதில்லை என்று ஒதுக்கிய இரும்புக் கரண்டியில் முப்பது கிராம் அளவுக்குக் கம்பியை உருக்கி, மேலே மிதக்கும் ரெசினை ஒதுக்கிவிட்டு, குண்டாக உறையவைத்து, ஆறியபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். குண்டின் உள்ளே காற்றுப் பொத்தல் இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். காரீயம் உள்ள கையோடு சோற்றில் கை வைக்கக் கூடாது.

பின்னர் குண்டின் எடையைக் காற்றில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் வைத்து, அதைத் தராசில் ஏற்றி, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். குண்டை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் முழுதாக முங்கும்படி கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண், குண்டு விலக்கிய நீரின் எடை. காற்றில் எடுத்த எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். குண்டு சரியாக 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், 60க்கு 40 கலவை 2.35 கிராம் நீரை விலக்கும், அடர்த்தி 8.5. சரிபாதிக் கலவை என்றால் 2.25 கிராம்; அடர்த்தி 8.9. காரீயம் 60 என்றால் 2.16 கிராம்; அடர்த்தி 9.3. காரீயம் 70 என்றால் 2.06 கிராம், அடர்த்தி 9.7. நூலில் ஒட்டும் காற்றுக் குமிழிகளை விரலால் தட்டி விலக்கி, மூன்று முறை நிறுத்துச் சராசரி எடுங்கள். அன்று என் சுருள் 9.2 காட்டியது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. தராசை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்தார்.

அடர்த்தி சரியாக இருந்தும் இணைப்பு ஒட்டவில்லை என்றால் குறை ரெசினில் இருக்கும். கம்பியைப் பிளேடால் குறுக்கே வெட்டி, உருப்பெருக்கியில் நடுத்துளையைப் பாருங்கள். சில மலிவுச் சுருள்களில் துளை சில அங்குலத்துக்கு அடைந்துபோய், பிறகு மறுபடி தொடங்கும். அந்த இடத்தில் மட்டும் ஈயம் ஒட்டாமல் அடம் பிடிக்கும்.

பலகை சேலத்தில் ஓடுகிறது. ஏற்காட்டுக்குப் போனால் நின்றுவிடுகிறது

நாகலூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மின்வேலிப் பலகையைப் பழுதுபார்த்து, மேசையில் இரண்டு நாள் ஓடவிட்டு, துடிப்பு ஒழுங்காக இருப்பதைப் பார்த்தபின்தான் அனுப்பினேன். ஒரு வாரத்தில் தோட்டத்து மேஸ்திரி தொலைபேசியில் கூப்பிட்டார். "ஏனுங்கண்ணா, வெயில் ஏறுனா வேலி நல்லா அடிக்குதுங்க. விடியக்காலையில அடிக்கவே மாட்டேங்குதுங்க." காட்டெருமை தோட்டத்துக்குள் வருவதும் அந்த விடியற்காலையில்தான். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிப்போய், பெட்டியைத் திறந்து பார்த்தால், பாகங்களில் ஒரு குறையும் இல்லை. என் இணைப்புகளைச் சுற்றி மட்டும் ஃப்ளக்ஸ் மிச்சம் பிசுபிசுவென்று, பனியில் நனைந்து கிடந்தது. பெயர் பெற்ற ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் முத்திரையோடு, கழுவத் தேவையில்லை என்ற வாசகத்தோடு வாங்கிய டப்பா அது. துடிப்பின் இடைவெளியைத் தீர்மானிக்கும் மின்தேக்கிக்கு இணையாக அந்த ஈரப் பசை ஒரு மின்தடைபோல நின்று, மின்தேக்கி நிரம்ப விடாமல் தடுத்திருக்கிறது. வெயிலில் காய்ந்ததும் தடை நீங்கி வேலி அடித்திருக்கிறது. கோடைச் சேலத்தின் வறண்ட காற்றில் இந்தப் பழுது ஒருநாளும் தலைகாட்டாது.

அன்றிலிருந்து புது ஃப்ளக்ஸ் எதையும் சோதிக்காமல் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்தாத துளைப்பலகை ஒன்றில், அடுத்தடுத்து ஓடும் இரண்டு செம்புக் கோடுகளுக்கு நடுவே ஃப்ளக்ஸைத் தடவி, சால்டரிங் செய்யும்போது படும் அதே அளவு சூட்டைக் காட்டி ஆறவிட வேண்டும். பிறகு மூடியுள்ள ஒரு சோற்று டப்பாவுக்குள், ஈரத் துணி ஒன்றின் பக்கத்தில், துணியைத் தொடாமல் அதை ஓர் இரவு வைத்து, காலையில் எடுத்தவுடன் மல்டிமீட்டரின் 20 மெகா ஓம் அளவில் அளக்க வேண்டும். எல்லை கடந்தது என்று காட்டினால் நல்லது. ஏதாவது ஓர் எண் தெரிந்தால், அந்த ஃப்ளக்ஸை ஆல்கஹாலில் கழுவாமல் விடக் கூடாது. கழுவியபின்னும் எண் தெரிந்தால் அதைப் பலகைகளிடமே கொண்டுபோகக் கூடாது. எதுவும் தடவாத இன்னொரு துண்டையும் அதே டப்பாவில் வைத்து ஒப்பிடுவது நல்லது. சில நேரம் பலகையே ஈரம் குடித்திருக்கும்.

நல்ல ரெசின் ஃப்ளக்ஸ் ஆறியதும் கண்ணாடிபோலக் காய்ந்து, நகத்தால் கீறினால் தூளாகும். வாரக்கணக்கில் விரலில் ஒட்டும் மிச்சத்தை நம்ப வேண்டாம்.

அயர்னைத் தொட்டால் சுருக்கென்கிறது. புது மாஸ்ஃபெட் காரணமில்லாமல் சாகிறது

மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் வகைப் பாகமான மாஸ்ஃபெட்டைப் போலி என்று சொல்லுமுன் அயர்னைப் பாருங்கள். பெரும்பாலான மாஸ்ஃபெட்களின் கேட் எனும் கட்டுப்பாட்டு முனை 20 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நில இணைப்பு இல்லாத அயர்னின் பிட்டில் கசியும் மின்னழுத்தம் அதைவிடப் பல மடங்கு இருக்க முடியும்.

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, மூன்று முனைப் பிளக்கின் தடித்த முனைக்கும் பிட்டுக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். ஸ்டேஷன்களில் இது 2 ஓமுக்குள் இருக்க வேண்டும். முடிவிலி காட்டினால், பிளக்கில் மூன்று முனை இருந்தும் வயரில் இரண்டு இழை மட்டுமே ஓடுகிறது என்று பொருள். இப்படிப்பட்ட அயர்ன்களை நானே அறுத்துப் பார்த்திருக்கிறேன். தடித்த முனை வெறும் அலங்காரம். அடுத்து, சுவரில் உள்ள நில இணைப்பும் உண்மையானதுதானா என்பதை ஒரு மின்பணியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள்; பழைய வீடுகளில் அந்தத் துளைக்குப் பின்னால் கம்பியே இருப்பதில்லை.

பிட்டுக்கும் நிலத்துக்கும் இடையே மல்டிமீட்டர் 90 வோல்ட், 100 வோல்ட் என்று காட்டினால் உடனே அஞ்ச வேண்டாம். மீட்டரின் முனைகளுக்குக் குறுக்கே ஒரு 100 கிலோ ஓம் மின்தடையை முன்கூட்டியே பொருத்திவிட்டு மீண்டும் அளந்தால், வெறும் தூண்டல் மின்னழுத்தம் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு விழுந்துவிடும். அப்போதும் பத்துக்கணக்கான வோல்ட் நின்றால் காப்பு உண்மையாகவே கசிகிறது. அந்த அயர்னை அந்த நிமிடமே ஒதுக்கிவிட வேண்டும். அது பாகத்தை மட்டுமல்ல, ஆளையும் கொல்லும்.

சில சிறிய தொல்லைகள்

விக் எனும் செம்புப் பின்னல் பட்டை உருகிய ஈயத்தை உறிஞ்சவில்லை என்றால், அதன் மேல் சிறிது நல்ல ஃப்ளக்ஸைத் தடவிப் பாருங்கள். உறிஞ்சத் தொடங்கினால் விற்றவர் ஃப்ளக்ஸ் இல்லாமல் விற்றிருக்கிறார், அவ்வளவுதான். தடவியும் உறிஞ்சாவிட்டால் ஓர் இழையைச் சுரண்டுங்கள். செம்புப் பூச்சுக்குக் கீழே வெண்மை தெரியும். ஈயத்தை உறிஞ்சி எடுக்கும் பம்ப்பின் மூக்கு முதல் உறிஞ்சலிலேயே உருகினால் அது டெஃப்லான் அன்று. துடைக்கும் ஸ்பாஞ்ச் நீரில் ஊறியதும் பருக்க வேண்டும். பருக்காமல் இருந்து, பிட் பட்டதும் உருகி ஒட்டிக்கொண்டால், அது மெத்தைக்குள் வைக்கும் நுரை.

போலி என்று உறுதியான பிறகு

சேலத்துக் கடைகளுக்கு இந்தச் சாமான்களில் பெரும்பகுதி சென்னை ரிச்சி தெருவிலிருந்தும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலிருந்தும் வருகிறது. கடைக்காரருக்கே தெரியாமல் போலி வந்திருக்கலாம். எனவே முதலில் அவரிடம் அளவைக் காட்டிப் பேசுவதே முறை. பேச்சு எடுபட வேண்டுமானால் ரசீது வேண்டும். ரசீதில் "எலெக்ட்ரிக்கல் சாமான்" என்று எழுதாமல், நிறுவனத்தின் பெயரையும் மாதிரி எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். போலி என்று தெரிந்தே விற்பவர் அப்படி எழுதித் தரத் தயங்குவார். பல நேரம் அந்தத் தயக்கமே சோதனையாக அமைந்துவிடும்.

பொட்டலமாக விற்கப்படும் பொருளின் மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதும் இருக்க வேண்டும். ஜப்பானியப் பெயர் பெரிதாகவும் இறக்குமதியாளர் முகவரி இல்லாமலும் வரும் பெட்டியைத் திறக்காமலே திருப்பித் தரலாம். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால், அதன் கீழே உள்ள உரிம எண்ணை, அந்த முத்திரையை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டுப் பாருங்கள். உரிமம் யாருடைய பெயரில், எந்தப் பொருளுக்கு இருக்கிறது என்று காட்டும். வேறொரு பொருளின் எண்ணை எடுத்து அச்சிடுவதும் நடக்கிறது என்பதால், எண் உண்மையாக இருப்பது மட்டும் போதாது, பொருளின் பெயரும் பொருந்த வேண்டும்.

கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அப்போது சுருளையோ பிட்டையோ தூக்கியெறிந்துவிடாமல், பெட்டி, ரசீது, ராவிப் பார்த்த பிட், நிறுத்துப் பார்த்த ஈயக் குண்டு, எடைகளை எழுதிய தாள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைத்திருங்கள். என் மேசை இழுப்பறையில் அப்படி ஒரு உறை இருக்கிறது. அதன் பக்கத்திலேயே, 8.5 காட்டிய நல்ல ஈயத்தின் குண்டு ஒன்றும் எடையைக் கீறிய நிலையில் இருக்கிறது. புதுச் சுருள் வாங்கிவரும் ஒவ்வொரு முறையும் தராசில் முதலில் ஏறுவது அந்தக் குண்டுதான்; அது சரியாகக் காட்டிய பிறகே புதியதை நிறுக்கிறேன்.